டெல்லியில் படிக்கத் தமிழ்த் தாள் எழுதலாமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் பிரிவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு ஆனர்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளில் சேர எழுதும் க்யூட் (CUET) பொது நுழைவுத்தேர்வில் மொழித்தாளாகத் தமிழை எடுக்கச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாம் இங்கிலீஷ் எடுத்தால்தான் மதிப்பு என்கிறார்கள். அவளோ, தமிழ்தானே, படிக்காமலே எழுதிவிடுவேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, தேனி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. க்யூட்டில் இருக்கும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. வரலாறு ஆனர்ஸுக்கு ஒரு மொழி, மூன்று பாடங்கள் என்று கேட்கிறார்கள், அந்த மொழி எதுவானாலும் தாளுக்கு 250 மதிப்பெண்தான், தமிழில் வாங்கினால் குறைவு என்று எந்தக் கணக்கும் கிடையாது. இங்கிலீஷ் ஆனர்ஸ் போன்ற படிப்புகளுக்குத்தான் ஆங்கிலத் தாள் கட்டாயம். பிளஸ் டூவில் படித்த பாடங்களிலேயே க்யூட் எழுத வேண்டும் என்பது டெல்லியின் விதி. மகள் தமிழை முதல் மொழியாகப் படித்திருப்பதால் அதிலும் தடையில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வரலாறு, பொருளியல் கேள்விகள், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்களை ஒட்டியே வரும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை அந்தப் புத்தகங்களைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும், சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லை. மொழித்தாளுக்கோ பாடப்புத்தகமே கிடையாது. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளை யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் படிக்காமலே எழுதிவிடுவேன் என்று மகள் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளக்கூடாது. தமிழ்த் தாளைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மொழியே தமிழ்தான், அதனால் பேசத் தெரியும் என்பது அங்கே யாருக்கும் கூடுதல் பலம் ஆகாது. பள்ளித் தேர்வு மாதிரி மனப்பாடப் பாடல், நெடுவினா எதுவும் கிடையாது. 60 நிமிடத்தில் 50 கொள்குறி வினாக்கள், எல்லாவற்றுக்கும் விடை அளிக்க வேண்டும், அதுவும் முன்பின் பார்த்திராத உரைநடைப் பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு. கூடவே சொல்வளம், இலக்கியத் திறன். நன்றாகத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் சறுக்குவது பத்திகளில்தான்: விஷயம் தெரிந்ததாக இருந்தால் பத்தி என்ன சொல்கிறது என்று பார்க்காமல், தனக்குத் தெரிந்ததை வைத்து விடையைக் குறித்துவிடுவார்கள். தினம் ஒரு நாளிதழ்த் தலையங்கமோ கட்டுரையோ எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படித்து, இதில் சொன்னது எது, சொல்லாதது எது என்று அவளையே பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் எதிர்ச்சொல், மரபுத்தொடர், பழமொழி இவற்றையும் ஒருமுறை புரட்டட்டும்.

சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழிவு. விடை தெரியாத கேள்வியில், கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றாவது நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால், மீதியில் ஒன்றைத் துணிந்து குறிப்பது லாபம்தான்.

நான்கு தாள் சேர்ந்து 1000, அதில் கால் பங்கு தமிழ். வரலாற்றுக்கு மாதக்கணக்கில் உழைக்கும் பிள்ளை, அதே 250 உள்ள தமிழைத் தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறவில்லை.

மொத்தம் ஐந்து தாள் எழுதலாம் என்பதால் ஐந்தாவதாக இங்கிலீஷையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஆங்கிலம் கேட்கும் படிப்புகளுக்கும் வழி திறந்திருக்கும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் க்யூட் மதிப்பெண் பயன்படும், அவற்றின் பாடப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: க்யூட் விண்ணப்பத்தில் தேர்வு மீடியம் தமிழ் என்று கொடுத்துவிட்டேன். தமிழ்த் தாளும் தானாகச் சேர்ந்துவிடும்தானே?
- பிளஸ் டூ மாணவர், விருதுநகர்

பதில்: சேராது தம்பி. மீடியம் என்பது வரலாறு, பொருளியல் கேள்விகள் எந்த மொழியில் வர வேண்டும் என்பது மட்டும். தமிழ்த் தாள் தனிப் பாடம், பாடப் பட்டியலில் நீங்களே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. விட்டுப்போயிருந்தால், விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய, க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை சில நாள் அவகாசம் தருவது வழக்கம். இன்றைக்கே இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.