பி.டி. ஜேம்ஸின் கார்டீலியா கிரே நாவலைப் பற்றி வாசகர்கள் ஏன் இரண்டுபட்டுப் பேசுகிறார்கள்? வாசிக்கலாமா?

தாராளமாக வாசிக்கலாம். நீங்கள் கேட்டிருப்பது பிரிட்டிஷ் துப்பறியும் நாவலாசிரியை பி.டி. ஜேம்ஸ் எழுதி 1972இல் வந்த ‘ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்’ நாவலைப் பற்றி. சிலர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலரோ மெதுவாகப் போகிறது, கதாநாயகி பலவீனமானவள், முடிவு ஏற்கும்படி இல்லை என்கிறார்கள். எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. நான் கொண்டாடுகிற கட்சி. அந்த முடிவுக்காகவும் சேர்த்தே கொண்டாடுகிறேன். ஆனால் குறை சொல்கிறவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை, அதனால் அவர்கள் சொல்வதையும் எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

முதலில் கதையின் தொடக்கம். கார்டீலியா கிரேக்கு 22 வயது. லண்டனில் நொடித்துக் கிடக்கும் ஒரு துப்பறியும் நிறுவனத்தில் பெர்னி பிரைடு என்பவரோடு வேலை பார்க்கிறாள். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தால், பெர்னி மணிக்கட்டை அறுத்துக்கொண்டு இறந்து கிடக்கிறார். புற்றுநோய் வந்திருக்கிறது, போராட மனமில்லை. நிறுவனத்தையும் உரிமமில்லாத ஒரு கைத்துப்பாக்கியையும் அவளுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். இனி இதை மூடிவிட்டு வேறு வேலை தேடு என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அவள் மூடவில்லை. பிறந்தவுடனே இழந்த தன் தாயிடம் மனதுக்குள்ளேயே யோசனை கேட்டு, அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று முடிவு செய்துகொள்கிறாள்.

அப்புறம் ஒரு வழக்கு வருகிறது. சர் ரொனால்டு காலண்டர் என்ற பெரிய விஞ்ஞானியின் மகன் மார்க், கேம்பிரிட்ஜில் படிப்பு முடியும் தறுவாயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கிராமத்து வீட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்தவன். சில வாரங்களில் தூக்கில் தொங்கிவிட்டான். ஏன் செய்தான் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கார்டீலியாவை அமர்த்துகிறார்.

மெதுவாகப் போகிறது என்பதுதான் அதிகமாகச் சொல்லப்படும் குறை. துரத்தலும் சண்டையும் அத்தியாயத்துக்கு ஒரு பிணமும் எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் மெதுவாகப் போகிற அந்தப் பகுதிதான் எனக்கு நாவலின் உயிர். கார்டீலியா கேம்பிரிட்ஜில் விடுதி அறை எடுப்பதில்லை. மார்க் செத்துப்போன அதே சின்ன வீட்டில் போய்த் தங்குகிறாள். செத்தவனைத் தெரிந்துகொள், அவனைப் பற்றிய எதுவும் அற்பமில்லை என்று பெர்னி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது பெர்னியின் சொந்தச் சரக்கும் அல்ல. அவரைக் காவல்துறையிலிருந்து வெளியேற்றிய அதிகாரி டால்கிலீஷிடமிருந்து அவர் கேட்டு மனதில் வைத்திருந்தது. பாடத்தைச் சொன்ன அதிகாரி எங்கோ இருக்க, அதை நாடாவில் பதிந்ததுபோல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் செத்துப்போக, அது கடைசியில் ஒரு 22 வயதுப் பெண்ணின் கையில் வேலை செய்கிறது.

அந்த வீட்டில் அவள் என்னென்ன பார்க்கிறாள் என்று கவனியுங்கள். தோட்டத்தில் ஒரு வரிசை மண் பாதி கிளறியபடி நிற்கிறது. கருவி அங்கேயே குத்தியபடி விடப்பட்டிருக்கிறது, கழுவி உள்ளே வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் மார்க் அவ்வளவு ஒழுங்கானவன். அடுப்பில் இரவுக்குச் செய்த மாட்டிறைச்சி ஸ்டூ தொடாமல் இருந்திருக்கிறது, ஆனால் காபி குடித்த கோப்பை இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் யார் காபி குடிப்பார்கள்? சாகப் போகிறவன் எதற்கு ஸ்டூ சமைத்தான்? மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன் வரிசையை முடிக்காமல் எழுந்து போனால், யாரோ வந்திருக்க வேண்டும். கையால் பின்னிய ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்து, இவனுக்காக இவ்வளவு பாடுபட்டது யார் என்று யோசிக்கிறாள். ரத்தக்கறை, கைரேகை ஆய்வு எதுவும் இல்லை. வீட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருத்தியின் கண் மட்டும் போதுமானதாக இருக்கிறது. போலீஸ் தரப்பிலும் ஒரு சார்ஜன்ட் தூக்கின் முடிச்சைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்கு மேல் போக அவரிடம் ஆதாரமில்லை.

இரண்டாம் பாதியில் வேகத்துக்குக் குறைவில்லை. அவளைத் தூக்கிக் கிணற்றில் போடுகிறார்கள். முதுகை ஒரு பக்கச் சுவரிலும் பாதங்களை எதிர்ச் சுவரிலும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக ஏறுகிறாள். அவள் இடுப்பில் கட்டியிருப்பது மார்க் தூக்கில் தொங்கிய அதே தோல் பட்டை. உடைந்துபோய் உட்கார்ந்துவிடாமல் அடுத்த ஓர் அங்குலத்தை மட்டும் நினைக்கிற அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு உடம்பே விறைத்துப்போனது.

அதனால்தான் ‘பலவீனமான கதாநாயகி’ என்ற குறையை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. இந்தக் குறை பெரும்பாலும் பின்னால் வந்த அமெரிக்கப் பெண் துப்பறிவாளர்களை முதலில் வாசித்தவர்களிடமிருந்து வருகிறது. 1982இல் சாரா பரெட்ஸ்கியின் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி சிகாகோவிலும், சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோன் கலிபோர்னியாவிலும் வந்து நின்றார்கள். இருவரும் சட்டென்று பதில் பேசுவார்கள், கை ஓங்கினால் திருப்பி அடிப்பார்கள், யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் கார்டீலியா அவர்களுக்குப் பத்து வருடம் முன்னால், வேறு நாட்டில் வருகிறவள். அந்தப் பிரிட்டனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜின் ஆண்கள் கல்லூரிகளில் சர்ச்சில், கிளேர், கிங்ஸ் மூன்றும் முதன்முதலாக இளநிலைப் படிப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது இந்த நாவல் வெளிவந்த அதே 1972இல். வேலையில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் 1975இல்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில், எந்தப் பட்டமும் இல்லாமல், அப்பாவின் புரட்சித் தோழர்களுக்குச் சமைத்துப்போட 16 வயதில் படிப்பிலிருந்து பிடுங்கப்பட்ட ஒரு பெண், கேம்பிரிட்ஜ் மாணவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். அவர்கள் அவளை மயக்கப் பார்க்கிறார்கள், படகில் கூட்டிப்போகிறார்கள், பொய் சொல்கிறார்கள். அவளுக்கு அவர்களைப் பிடித்தும் போகிறது. பிடித்திருந்தும் அவர்கள் சொல்வதை நம்பாமல் இருக்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

பி.டி. ஜேம்ஸ் இதை வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. கேம்பிரிட்ஜில் பள்ளி படித்தவர், 16 வயதோடு படிப்பை நிறுத்த வேண்டி வந்தவர். மருத்துவரான கணவர் போரிலிருந்து மனநலம் குலைந்து திரும்பியதால், மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்து இரண்டு மகள்களை வளர்த்தார். 1964இல் கணவர் இறந்தார். இந்த நாவலை எழுதிய காலத்தில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தில் அதிகாரி. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் எழுந்து எழுதியவர். படிக்க நினைத்த ஊரில் வெளியாளாக நடந்து திரிவது எப்படி இருக்கும் என்று கேம்பிரிட்ஜ் அத்தியாயங்களில் கார்டீலியா உணர்கிற ஏக்கம் அவ்வளவு உண்மையாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இனி வருவது முடிவைப் பற்றியது. நாவலை வாசிக்கப்போகிறவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

மார்க் தற்கொலை செய்துகொள்ளவில்லை. கொன்றது அப்பாவே. மார்க் பிறந்ததால்தான் அவன் தாத்தாவின் சொத்து அந்தக் குடும்பத்துக்கு வந்தது. ஆனால் ஊர் அறிந்த தாய் அவனைப் பெற்றவளே அல்ல. அவள் சாவதற்கு முன் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தில் குறித்துவைத்த இரத்த வகையிலிருந்து மார்க் இதைக் கண்டுபிடித்துவிடுகிறான். பெற்ற தாய், சர் ரொனால்டின் செயலாளரான மிஸ் லீமிங். விஷயம் வெளியே வந்தால் ஆராய்ச்சிக்கூடத்துக்கான பணம் போய்விடும். மகனைக் கொன்று, பெண்களின் உள்ளாடையும் உதட்டுச் சாயமும் பூட்டி, தனிமையில் ஏதோ செய்யப்போய் விபத்தில் செத்ததுபோல் விட்டுவிட்டுப் போகிறார் தந்தை. மகனைத் தேடி வந்த தாய் அதைப் பார்த்து, அவன் மானத்தைக் காப்பாற்ற உடையை மாற்றி, தற்கொலைக் கடிதத்தையும் அடித்து வைக்கிறாள். பின்னால் உண்மை தெரிந்ததும் சர் ரொனால்டைச் சுட்டுக் கொல்கிறாள், அதுவும் கார்டீலியாவின் துப்பாக்கியாலேயே. அப்போது கார்டீலியா செய்கிற காரியம்தான் வாசகர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. அந்தக் கொலையை அவள் தற்கொலையாக மாற்றி அமைக்கிறாள். மரண விசாரணையில் உறுதிமொழி எடுத்துவிட்டுப் பொய் சொல்கிறாள்.

வழக்கறிஞராக இருக்கிற என் தோழி இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். உண்மையைத் தேடுவதற்குக் கூலி வாங்கியவள் உண்மையைப் புதைக்கலாமா என்பது அவர் கேள்வி. பிரிட்டனில் கொலைக்கான மரண தண்டனை 1969லேயே நிரந்தரமாக ஒழிக்கப்பட்டுவிட்டது, அதனால் ஒரு தாயைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றினாள் என்ற சமாதானமும் நிற்காது என்றார். நியாயமான வாதம். ஆனால் கார்டீலியா காப்பாற்றுவது மிஸ் லீமிங்கை அல்ல. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. வழக்கு நீதிமன்றம் போனால் மார்க்கின் உடல் எப்படி விடப்பட்டிருந்தது என்பது நாட்டிலுள்ள எல்லாச் செய்தித்தாளிலும் வரும். அவன் கட்டிலில் படுத்து, அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அவன் பாதியில் விட்ட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தனக்காகப் பேச முடியாத ஒருவனுக்காகப் பொய் சொல்கிறாள். மெதுவாகப் போகிறது என்று குறைப்பட்ட அந்தப் பக்கங்களெல்லாம் இல்லாவிட்டால் இந்த முடிவுக்கு அர்த்தமே இருக்காது. உயிரோடு ஒரு முறைகூடப் பார்த்திராத ஒருவன்மேல் அவளுக்கு வந்துவிட்ட பாசத்தை நாமும் கூடவே இருந்து பார்த்திருக்கிறோம்.

அவளைக் கடைசியில் விசாரிப்பது யார்? பெர்னியை வேலையிலிருந்து அனுப்பிய அதே டால்கிலீஷ். பாடம் சொன்னவருக்கு எதிரே, அந்தப் பாடத்தைக் கொண்டே அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில், மிஸ் லீமிங் கார் விபத்தில் இறந்துவிட்ட செய்தி வந்த பிறகு, உடைந்து அழுகிறாள். அழுவது மார்க்குக்காகவும் அல்ல, தனக்காகவும் அல்ல. பெர்னியை வெளியே அனுப்பிய பிறகு அவர் என்ன ஆனார் என்று நீங்கள் ஒரு நாளாவது விசாரித்தீர்களா என்று அந்தப் பெரிய அதிகாரியைப் பார்த்துக் கேட்கிறாள். அந்த இடத்துக்காகவே இந்த நாவலை யாருக்கும் கொடுப்பேன்.

குறைகளும் உண்டு. கார்டீலியாவைக் கிணற்றில் போட்டவன் தப்பி ஓடும்போது லாரியில் மோதிச் சாவது கதைக்கு ரொம்பவும் வசதியாகப் போய்விட்டது. இரத்த வகைத் துப்பு வரும் இடத்தை இரண்டு முறை வாசித்தால்தான் பிடிபடும். பெண் உடையில் ஒரு பையன் இருந்தான் என்பதே பெருத்த அவமானம் என்று கதையில் எல்லோரும் எடுத்துக்கொள்வது 1972இன் மனநிலை. இன்றைய வாசகர்கள் அதில் சங்கடப்படுவது சரிதான், எனக்கும் அந்தப் பக்கங்கள் உறுத்துகின்றன.

மேற்கொண்டு என்ன வாசிக்கலாம் என்று கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கார்டீலியா இன்னும் ஒரே ஒரு நாவலில்தான் மையமாக வருகிறாள், 1982இல் வந்த ‘தி ஸ்கல் பினீத் தி ஸ்கின்’. ஒரு தீவுக் கோட்டை, நாடக நடிகை, மிரட்டல் கடிதங்கள் என்று பழைய பாணி மர்மம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் நாவலின் நெருக்கம் இல்லை. அதற்குப் பிறகு அவளை வைத்து ஜேம்ஸ் நாவல் எழுதவில்லை. 1990களின் இறுதியில் ஹெலன் பாக்ஸன்டேல் நடித்த தொலைக்காட்சித் தொடரில், நடிகை கர்ப்பமானதால் பாத்திரத்தையும் கர்ப்பமாக்கினார்கள். ஜேம்ஸுக்கு அது பிடிக்கவில்லை, தன் கார்டீலியா கைவிட்டுப் போய்விட்டாள் என்று வருந்தினார். டால்கிலீஷ் துப்பறிகிற ஜேம்ஸின் நாவல் வரிசையை முதலில் முடித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், தேவையில்லை. அவரைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் பெர்னியின் புலம்பல்களிலேயே கிடைத்துவிடும்.

வேகமான திரில்லர்தான் வேண்டும் என்றால் பரெட்ஸ்கியிலிருந்து தொடங்குங்கள். ஒரு மனுஷியோடு ஒரே வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கத் தயார் என்றால் இதை எடுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள், கிராமத்து வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்த பிறகு புத்தகம் தானாகவே உங்களை இழுத்துக்கொள்ளும்.