முதல்முறையாக நெடுந்தூர மோட்டார் சைக்கிள் ராலிக்குப் போகிறேன். 150 சிசி வண்டி தாங்குமா?

24 மணி நேர ராலிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், கையில் இருப்பது 150 சிசி வண்டி, அது தாங்குமா, பெண்ணாகத் தனியே ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டி தாங்கும். நான் போனதும் 150 சிசியில்தான், அதுவும் ஒன்பது ஆண்டு ஓடிய வண்டி. ஆனால் நான் அந்த ராலியை உரிய நேரத்தில் முடிக்கவில்லை. 31 நிமிடம் தாமதமாக வந்தேன். அந்த 31 நிமிடம் எங்கே போயிற்று என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் உங்களுக்கு எங்கும் கிடைத்துவிடும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கலந்துகொண்டது ஜனவரி மாதக் கடைசியில், புதுச்சேரியில் தொடங்கிப் புதுச்சேரியிலேயே முடியும் ராலி. போகும்போது கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி. திரும்பும்போது மதுரை, திருச்சி, விழுப்புரம். ஏறக்குறைய 900 கிலோமீட்டர். நாகப்பட்டினம், தனுஷ்கோடி, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில், வந்து போனதற்குச் சான்றாக அட்டையில் முத்திரை வாங்க வேண்டும்.

ராலி என்றதும் மணல்மேட்டில் பறக்கும் டக்கார் பந்தய வண்டிகள் பலருக்கு நினைவுக்கு வரும். 2015இல் நம் நாட்டு வீரர் சி.எஸ். சந்தோஷ் அதில் 36ஆவது இடத்தில் முடித்தார். அது வேறு உலகம். நாம் பேசுவது பொதுச் சாலையில், போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டு, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிப்பது. இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்தது அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் சான்றளிக்கும் ‘சேடில்சோர் 1000’. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர். அதில் பெட்ரோல் ரசீதுகள்தான் முக்கிய அத்தாட்சி. நீங்களும் ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

பெயர் கொடுத்த கையோடு உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வழக்கமான வாகனக் காப்பீட்டில் பந்தயம், வேகச் சோதனை, வாகனத்தின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்ற வரி இருக்கும். நடத்துபவர்கள் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன், பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

வண்டியைப் பொறுத்தவரை, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் செய்த உதவியை மறக்க மாட்டேன். சர்வீஸ் செய்து கொடுத்துவிட்டு அவர் என்னை அனுப்பிவிடவில்லை. பின்சக்கரத்தை என்னையே கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார், மறுபடி கழற்றச் சொன்னார். மூன்றாவது முறை 20 நிமிடத்தில் முடித்தேன். புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளை ஒட்டியே இழுத்துக் கட்டி வைத்தார். “நடுவழியில் அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும், தங்கச்சி. டேங்கைக் கழற்ற வேண்டாம்” என்றார். கேபிள் அறுபடவில்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு அன்று முழுவதும் தெம்பாக இருந்தது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விட மாட்டார்கள் என்பதால் தாவரவியல் பூங்காவின் அருகே அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். டேங்கை அங்கேயே நிரப்பிக்கொண்டேன். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு, அந்த இரண்டு இடங்களையும் நழுவ விடாதீர்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது அம்மா தெருமுனையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். நான் நிற்கவில்லை, ஹாரன் மட்டும் அடித்தேன். அவரும் கையை உயர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிதம்பரத்துக்கு அப்பால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜனவரி என்றால் டெல்டாவில் சம்பா அறுவடை. சாலையின் பாதியில் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும், அறுவடை இயந்திரங்கள் எதிரே வரும். காய்ந்த வைக்கோல்மீது பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். சீர்காழி தாண்டியதும் வைக்கோல் பிரி ஒன்று பின்பக்க செயினில் சுற்றிக்கொண்டு சரசரவென்று சத்தம் கேட்டது. இறங்கிக் கையால் பிரித்து எடுத்தேன். பிரி செயின் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கயிறு போலத் திரண்டிருந்தது. இஞ்சினை அணைக்காமல் அந்த இடத்தில் விரலை வைக்கவே கூடாது.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. சாலையில் எனக்கு யாரும் தொல்லை தரவில்லை. ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற தயக்கத்தில் காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் இரண்டு இட்லியும் அரை டீயும்தான். நம் பெண்கள் பஸ் பயணத்தில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து கொள்ளலாம். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு எதிர்க்காற்றில் ஆறு மணி நேரம் உட்காரும்போது உடலிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். மீமிசலைத் தாண்டியபோது நெற்றி விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. தொண்டிக்குச் சற்று முன்னால், எதிரே வந்த லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை என்னால் கணிக்க முடியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடனே ஓரங்கட்டினேன்.

பனைமரத்தடியில் ஓர் அம்மா இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, “முதலில் உட்காரம்மா, அப்புறம் சீவுகிறேன்” என்று தன் முக்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு இளநீர், என் பையிலிருந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் ஒரு லிட்டர், ஈரத்துண்டு. எழுந்து நிற்க 40 நிமிடம் ஆயிற்று. தண்ணீர் குடிக்க நிற்காமல் மிச்சம் பிடித்ததாக நான் நினைத்த நேரத்தைப் போல நான்கு மடங்கு அங்கே போயிற்று.

ஆகவே மணிக்கு ஒருமுறை கால் லிட்டராவது குடியுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்கும். பூட்டியிருந்தால் தயங்காமல் சாவியைக் கேளுங்கள், பெண் ஊழியர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். தருகிறார்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், திக்காக இருக்கட்டும் என்று அரை லிட்டரில் கரைக்கக் கூடாது. இன்னொன்றையும் கடைக்காரியாகச் சொல்கிறேன். முந்தின நாள் மூக்கு ஒழுகுகிறதென்று சளி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். அவற்றில் பலவற்றில் குளோர்பெனிரமைன் இருக்கிறது, அது தூக்கத்தைக் கொண்டுவரும். அலர்ஜிக்குத் தரும் செட்டிரிசினும் சிலரை அப்படித்தான் செய்யும். வண்டி ஓட்டப்போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள்.

தனுஷ்கோடிக்குப் பிற்பகல் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாலையானால் அரிச்சல்முனைப் பக்கம் போகவிட மாட்டார்கள் என்பதால் பலர் அவசரமாக முத்திரை குத்திக்கொண்டு திரும்பினார்கள். என் திட்டத்திலும் 20 நிமிடம்தான் இருந்தது. நான் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த மாதா கோயிலின் சுவர் அருகே நின்றபோது என்னால் நகர முடியவில்லை. 2011இல் தானே புயல் கடலூரைத் தாக்கிய இரவில் எங்கள் கடையின் கூரைத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவள் நான். மறுநாள் காலை ஊரே அடையாளம் தெரியாமல் கிடந்தது. ஆனாலும் நாங்கள் கூரையை மாற்றினோம், கடையைத் திறந்தோம். இங்கே அப்படித் திறக்க ஊரே மிஞ்சவில்லை. சாலையின் ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் அலையடிக்கும் ஆண்கடல் என்று மீனவர்கள் சொல்வார்கள். இரண்டும் சேரும் முனைவரை 2017இல் திறந்த தார்ச்சாலையில் என் வண்டி அவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நான் வருந்தவில்லை. அதைத் திட்டத்தில் எழுதி வைக்காததற்குத்தான் வருந்துகிறேன்.

மதுரையில் இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம். திருச்சியில் முத்திரைக்கும் டீக்கும் 25 நிமிடம். அங்கிருந்து நான்குவழிச் சாலை, இருசக்கர வண்டிக்குச் சுங்கமும் கிடையாது. ஒரே சீராக ஓட்டலாம், தூக்கம் வருவதும் அந்தச் சீரினால்தான். இரவு இரண்டு மணிக்குமேல் விடியும்வரை உடல் தானாகவே சோர்ந்துவிடும், டீ அதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. பெரம்பலூரைத் தாண்டிய பிறகு, கடந்துபோன ஊர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பது நினைவில் இல்லாமல் போனது. பிறகு தொழுதூர் எப்போது போனது என்பதும் தெரியவில்லை. மணிக்கு 70 கிலோமீட்டரில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் வண்டி 58 மீட்டர் போயிருக்கும். வேப்பூர் அருகே ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினேன். மணி இரண்டு. காவலாளி ஐயாவிடம் சொல்லிவிட்டு, வெளிச்சத்தில், கேமரா பார்க்கும் இடத்தில், ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். 45 நிமிடம். அவரே தட்டி எழுப்பினார்.

அந்த 45 நிமிடம் இல்லாவிட்டால் நேரத்துக்குள் வந்திருக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். கணக்கு அப்படித்தான் காட்டும். ஆனால் வந்தே சேர்ந்திருப்பேனா என்பதே எனக்கு உறுதியில்லை. 4:31க்குப் புதுச்சேரியில் அட்டையை நீட்டியபோது ‘நேரம் கடந்தது’ என்று எழுதினார்கள். பாய் விரித்துக் கொடுத்தார்கள், எட்டு மணிவரை தூங்கிவிட்டுக் கடலூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் ரசீதுகளையும் குறிப்பேட்டையும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். வண்டி ஓடிய நேரம் 18 மணி 51 நிமிடம், சராசரி மணிக்கு 48 கிலோமீட்டர் அளவில். நின்ற நேரம் 5 மணி 40 நிமிடம். நான் திட்டமிட்டிருந்தது நான்கு மணி நேரம்தான். 60இல் ஓட்டும் 100 கிலோமீட்டரை 70இல் ஓட்டினால் மிச்சமாவது 14 நிமிடம். அது ஒரு டீக்கடையில் போய்விடும். அதற்காக 150 சிசி வண்டியை முறுக்கினால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், காற்றிரைச்சலில் உடலும் சோர்ந்துபோகும். எனவே பெட்ரோல், கழிப்பறை, தண்ணீர், செயினுக்கு எண்ணெய், வீட்டுக்கு ஒரு அழைப்பு எல்லாவற்றையும் ஒரே நிறுத்தத்தில் முடிக்கப் பழகுங்கள். புறப்படும் முன் 300 கிலோமீட்டர் ஒத்திகை ஒன்று கட்டாயம் போங்கள், அதில் வேகத்தைப் பார்க்காதீர்கள், நின்ற நிமிடங்களை மட்டும் எழுதுங்கள்.

வரும் ஜனவரிக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே பாதை. டேங்க்மீது ஒட்டும் தாளில் தனுஷ்கோடி 60 நிமிடம் என்றும் வேப்பூர் 45 நிமிடம் என்றும் இந்த முறை முன்கூட்டியே எழுதிவிட்டேன். மதுரைச் சாப்பாட்டை 25 நிமிடமாகக் குறைத்திருக்கிறேன்.