கூலியும் சேதாரமும்

அன்புள்ள அக்கா,

நான் அம்மாப்பேட்டைக்காரி. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். ஞாயிறானால் பஸ் ஏறி ஏற்காடு போய்ச் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைவேன். படத்தையும் கூடவே நாலு வரிக் குறிப்பையும் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். ஆறாயிரம் பேர் பார்க்கிறார்கள். விலைக்குக் கிடைக்குமா என்று பலர் கேட்பதால் ஆன்லைனில் கடை தொடங்கலாம் என்று ஆசை. காலண்டர், தபால் அட்டை, டீ-சர்ட், காப்பிக் கோப்பை, ஓவிய வகுப்பு என்று நிறைய யோசித்து வைத்திருக்கிறேன். வெப்சைட்டுக்கு 30,000 ரூபாய் ஆகும் என்கிறான் தம்பி. ஆறு அட்டை கொண்ட செட்டுக்கு 100 ரூபாய் வைத்தால் சரியா? ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர் அறைகளில் மாட்ட 12 படம் வரைந்து தரச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் சும்மா கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ம., சேலம்

அன்புள்ள ம.,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுகிற படத்தில் அந்த மரப்பட்டையின் சாம்பல் நிறம் அப்படியே வந்திருக்கிறது. காப்பிப்பூ படம் கொஞ்சம் அவசரம். சரி, கடைக்கு வருவோம்.

100 ரூபாய் சரியில்லை. ஊருக்கெல்லாம் கணக்கெழுதுகிற நீங்கள் உங்கள் கணக்கை மட்டும் எழுதவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெள்ளி வியாபாரியுடையதாகவே இருந்தாலும் கூலி தனி, சேதாரம் தனி என்று பேசிவிட்டுத்தான் பட்டறைக்காரர் வேலையை எடுப்பார். உங்கள் கணக்கில் அந்த இரண்டும் இல்லை. அச்சுக்கூலி மட்டும்தான் இருக்கிறது.

ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் அச்சகம் சொல்லும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையில் ஒரு படம் அச்சிட 12 ரூபாய் என்றால் ஆறுக்கு 72. உறை, வளையாமல் இருக்க உள்ளே வைக்கும் அட்டை, 15. நிறம் மாறி வந்தவை, முனை மடங்கியவை, தபாலில் தொலைந்து நாம் மறுபடி அனுப்புபவை, எல்லாவற்றுக்கும் சேதாரம் 9. இதுவரைக்குமே 96 ஆகிவிட்டது. அப்புறம், ‘இன்னும் வரலையே’ என்ற செய்திக்குப் பதில் போட்டு, முகவரி எழுதி, ஒட்டி, தபால் ஆபீஸ் வரிசையில் நின்று வர ஒரு செட்டுக்கு அரை மணியாவது போகும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 50. வரைந்ததற்கு? ஒரு படத்துக்கு 8 மணி நேரம் என்றால் ஆறு படத்துக்கு 48 மணி, 4,800 ரூபாய். 200 செட் விற்றால் செட்டுக்கு 24. ஆக அடக்கம் 170. லாபம் வைத்து 220 சொல்லுங்கள், தபால் செலவு தனி. வாங்குபவர்கள் குறைவார்கள்தான். 100 ரூபாய்க்கு ஆயிரம் பேர் வாங்கினால் நீங்கள் ராத்திரி பூராவும் உறை ஒட்டிக்கொண்டிருப்பீர்கள், மறுநாள் காலை கடைக்கும் போக வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் உங்கள் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். டீ-சர்ட்டுக்கு எல்லா அளவிலும் சரக்கு வாங்கி அடுக்க வேண்டும், கோப்பை வழியில் உடையும். காலண்டர் நல்ல யோசனைதான், ஆனால் அது காலத்தோடு போட்டி. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்றே வெளியாகிவிடும். நீங்கள் கார்த்திகையில் படம் தேர்ந்தெடுத்து மார்கழியில் அச்சிட்டால், தை பிறந்ததும் மிச்சம் பழைய பேப்பர் கடைக்குத்தான். அதுவும் சுருட்டிக் குழாயில் அனுப்புகிற அளவு வேண்டாம். பல கூரியர்களில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதில் வருவது அதிகமென்றால் அந்தக் கிலோவுக்குக் காசு கேட்பார்கள். 45 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் தடிமன் உள்ள குழாய் அப்படிப் பார்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் வரும். உள்ளே இருக்கும் காகிதம் 150 கிராம்கூட இருக்காது. தட்டையான தபால் அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலேயே தொடங்குங்கள்.

தம்பியின் வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம். கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் வைக்கலாம், காசு யுபிஐயில் வரும். பணம் வருவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது; போடச் சொல்பவர் திருடர். வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். நாளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினால் ஆறாயிரம் பேரும் ஒரே நாளில் காணாமல் போவார்கள்.

பெங்களூரிலிருந்து நிச்சயம் ஆர்டர் வரும், சேலத்துக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறார்கள்? அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வரிக்குரிய சரக்கு மாநிலம் தாண்டினால் தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருட்களுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் அசல் ஓவியம், அச்சிட்ட அட்டை இரண்டையும் ஆடிட்டர் முன்னால் வைத்து எது எதில் சேரும் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் ஜவுளிக்கடைக்கு வருகிற ஆடிட்டரே போதும்.

விடுதிக்காரர் விஷயம்தான் முக்கியம், நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அப்படித்தான், பதிவு செய்யாவிட்டாலும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் அப்படியில்லை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. அதாவது அந்த 12 படத்தையும் அவர் சாவிக்கொத்திலும் துண்டிலும் போட்டு விற்கலாம். நீங்கள் அதே படத்தை அட்டையாக அச்சிட்டால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். எனவே தூரிகையை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: அசல் படங்கள் விடுதிக்கு, அறையில் மாட்ட மட்டும், பதிப்புரிமை வரைந்தவருக்கே, பாதிப் பணம் முன்பணம், திருத்தம் ஒரு முறைதான். எல்லா உரிமையும் தனக்கே வேண்டும் என்று அவர் கேட்டால் கேட்கட்டும், அதற்குத் தனி விலை சொல்லுங்கள். நானாக இருந்தால் மும்மடங்கு சொல்வேன். ‘நமக்குள்ள எதுக்கும்மா பேப்பர்’ என்பார். அப்படிச் சொல்பவரிடம்தான் கண்டிப்பாகப் பேப்பர் வேண்டும்.

சொந்தக்காரர்கள் கேட்டால் முனை மடங்கிய அட்டைகளைக் கொடுங்கள். சேதாரத்தில் எழுதியாயிற்று.