துப்பாக்கிக்குப் பிறகு வில்

கேள்வி: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பிரான்ஸில் பல வருடம் துப்பாக்கியால் காட்டுப்பன்றி வேட்டையாடியிருக்கிறேன். அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போகும்போது மரவில் எடுக்க ஆசை. சரிவருமா ஐயா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: தாராளமாக. அங்கே 1995 முதல் வில் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் வேட்டை உரிமம் மட்டும் போதாது, வில்லுக்கென ஒரு நாள் பயிற்சி கட்டாயம்.

துப்பாக்கி பழகியவருக்குத் தூரம்தான் கஷ்டம். குறிகருவி இல்லாத வில்லில் 15 மீட்டருக்கு மேல் நான் அம்பு விடுவதில்லை. அம்பு ரத்தப்போக்கால்தான் கொல்லும். அதனால் முனை சவர பிளேடு மாதிரி இருக்கணும், நுரையீரலில் பாயணும். பன்றி முகத்தைக் காட்டி நின்றால் நாணை விடவே கூடாது. அது மிருகத்தை வதைப்பது. பட்டதும் பின்னாலேயே ஓடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்து, ரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். பச்சையாக, நாற்றமடித்தால் குடல். பல மணி நேரம் காத்திருக்கணும்.

அப்புறம், இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். புதுச்சேரியில் வைக்கோல் கட்டுதான் உங்கள் இலக்கு, பின்னால் மண்மேடு இருக்கட்டும். 40 பவுண்டு இழுவிசை உள்ள வில்லில் ஆரம்பியுங்கள். இழுக்கும் விரல் ஒவ்வொரு முறையும் வாயோரம் அதே இடத்தில் வந்து நிற்கும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள்.