யுரேனியம் என்றால் மட்டமா?

கேள்வி: ஹிரோஷிமாவில் போட்டது யுரேனியம்; மூன்று நாள் கழித்து நாகசாகியில் அதைவிட முன்னேறிய புளூட்டோனியம். இந்தியா 1974லேயே புளூட்டோனியத்தில் வெடித்துக் காட்டியது. 1998ல் பாகிஸ்தான் வெடித்ததோ பழைய யுரேனியம்தான். விஞ்ஞானத்தில் அவர்கள் ஒரு படி கீழே என்று இதை வைத்தே சொல்லிவிடலாம், இல்லையா?

பதில்: நாள்வரிசையைத் தரவரிசையாகப் படித்துவிட்டீர்கள். அந்த நாள்வரிசையும் தப்பு. உலகில் முதலில் வெடித்த அணுகுண்டு ஹிரோஷிமாவுடையது இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, 1945 ஜூலை 16 அன்று, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்தது புளூட்டோனியத்தைத்தான். ஹிரோஷிமாவின் யுரேனிய குண்டை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஒரு குழாய்க்குள் ஒரு துண்டை இன்னொன்றின் மேல் பாயவிட்டால் வெடித்தே தீரும் என்ற தெம்பு ஒரு பக்கம். சோதனையில் கரைத்துவிட இன்னொரு குண்டுக்கான யுரேனியம் கையில் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு ஆகிற 235 வகை 0.7 சதவீதம்தான்; மிச்சம் எல்லாம் 238. வேதியியலுக்கு இரண்டும் ஒன்றே. எந்த அமிலத்தில் போட்டாலும் சேர்ந்தே கரையும், சேர்ந்தே படியும். எடையில் உள்ள துளி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். அதற்காக அமெரிக்கர்கள் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் ராட்சத மின்காந்தங்களை நிறுவினார்கள். கம்பிச் சுருளுக்குச் செம்பு கிடைக்கவில்லை, போர்க்காலம். கருவூலத்தில் போய் வெள்ளி கேட்டார்கள், ஆயிரக்கணக்கான டன். இங்கே வெள்ளியை டன்னில் பேசுகிற வழக்கம் கிடையாது, அவுன்ஸில் சொல்லுங்கள் என்றாராம் அதிகாரி. கடைசியில் கடனாகப் போனது 13,000 டன்னுக்கும் மேல். இவ்வளவு பாடுபட்டு, இன்னும் இரண்டு ஆலைகளும் சேர்ந்து உழைத்து, ஹிரோஷிமா குண்டுக்குத் தேறியது சுமார் 64 கிலோ.

புளூட்டோனியத்தில் கஷ்டம் வேறு இடத்தில். அணு உலைக்குள் 238 ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாட்களில் புளூட்டோனியமாகிவிடும். அது தனித் தனிமம் என்பதால் வேதியியல் முறையிலேயே பிரித்தெடுக்கலாம். கதிர்வீச்சு கொல்லும், தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் செய்ய வேண்டும், ஆனாலும் செய்யலாம். நாகசாகி குண்டுக்கு ஆறு கிலோ சொச்சம் போதுமாக இருந்தது.

தலைவலி குண்டைச் செய்வதில் வந்தது. குண்டை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் புளூட்டோனியத்துக்கும் முதலில் அதே குழாய் குண்டைத்தான் திட்டமிட்டிருந்தார்கள். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரித்த துளியூண்டு மாதிரி சாதுவாகத்தான் இருந்தது. 1944 ஏப்ரலில் ஓக் ரிட்ஜ் அணு உலையின் மாதிரி வந்து சேர்ந்தது. இயற்பியலாளர் எமிலியோ செக்ரேயின் குழு ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்கில், ஒரு மரக்குடிலில் உட்கார்ந்து, அதன் அணுக்கள் தானாகப் பிளப்பதை எண்ணியது. பழைய மாதிரியைப் போல ஐந்து மடங்கு! உலையில் குண்டுக்கு ஆகிற புளூட்டோனியம் 239 உருவாகும்போது 240 என்ற இன்னொரு வகையும் கூடவே பிறந்துவிடுகிறது; தானாகப் பிளப்பது அதுதான். துண்டுகள் முழுசாகச் சேரும் முன்பே வினை தொடங்கி, குண்டு புஸ்ஸென்று போய்விடும். ஜூலையில் ஆய்வகத் தலைவர் ஓப்பன்ஹைமர் அந்தத் திட்டத்தையே கைவிட்டார். சுற்றிலும் வெடிமருந்து வைத்துக் கோளத்தை எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் உள்நோக்கி நசுக்கும் முறைக்கு ஆய்வகம் மொத்தமும் திரும்பியது. பாலைவனச் சோதனை தேவைப்பட்டது இதனால்தான்.

எந்த நாடு எந்த உலோகத்தில் இறங்கியது என்பது, எந்த ஆலை கைக்கு வந்தது, யார் கண்ணில் படாமல் கட்ட முடிந்தது என்பதைப் பொறுத்தது. சோவியத் ஒன்றியம் (1949), பிரிட்டன் (1952), பிரான்ஸ் (1960) எல்லாம் புளூட்டோனியத்தில் தொடங்கின. சீனா 1964 அக்டோபரில் வெடித்தது யுரேனியம். சோவியத் உதவியோடு லான்ஜோவில் எழும்பிய செறிவூட்டல் ஆலை (யுரேனியத்தில் 235இன் பங்கைக் கூட்டும் ஆலை) புளூட்டோனிய உலையை முந்திக்கொண்டது, அவ்வளவே. அதுவும் குழாய் குண்டு இல்லை, நசுக்கும் முறைதான். உங்கள் அளவுகோல்படி சீனா பிரான்ஸுக்கு ஒரு படி கீழே. அந்தச் சீனா 1967 ஜூனில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. பிரான்ஸுக்கு அது 1968 ஆகஸ்டில்தான் கைகூடியது.

இனி நம் கதை. 1974ல் பொக்ரானில் வெடித்த புளூட்டோனியம் டிராம்பேயின் சைரஸ் உலையில் உருவானது. உலை கனடா கொடுத்தது, அது ஓடத் தேவையான கனநீரை அமெரிக்கா கொடுத்தது, அமைதிப் பணிக்கு என்று சொல்லி வாங்கியது நாம். புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்த ஆலையை நம்மவர்களே கட்டினார்கள்; அதற்கான பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பாகிஸ்தானும் முதலில் போக நினைத்தது இதே வழியில்தான். பிரான்ஸோடு, உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுபதப்படுத்தல் ஆலைக்கு 1976ல் ஒப்பந்தமும் ஆயிற்று. நம் வெடிப்புக்குப் பிறகு உலகம் உஷாராகிவிட்டது. அமெரிக்காவின் நெருக்குதலில் பிரான்ஸ் 1978ல் பின்வாங்கியது. அந்த நேரத்தில் நெதர்லாந்திலிருந்து, யுரேனியத்தை வேகமாகச் சுழற்றி 235ஐப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தின் வரைபடங்களோடு வந்து சேர்ந்திருந்தார் பாகிஸ்தானின் உலோகவியலாளர் ஏ.கியூ. கான். கஹூட்டாவில் ஆலை எழுந்தது. களவு என்று திட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் குழலை உடையாமல் ஓட்டுவதை மட்டமான வேலை என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார்.

சென்ட்ரிஃப்யூஜுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அணு உலை வெப்பத்தைக் கக்கும், செயற்கைக்கோளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சென்ட்ரிஃப்யூஜை சாதாரணக் கொட்டகைக்குள் ஒளித்துவிடலாம். வட கொரியா 2006ல் வெடித்தது புளூட்டோனியம். 2010ல் அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃபிரீட் ஹெக்கரை யோங்பியோன் அணு வளாகத்துக்கு அழைத்துப்போய், வரிசை வரிசையாகச் சென்ட்ரிஃப்யூஜ்களைக் காட்டியது. அதற்கு முன்பும் அந்த வளாகத்துக்குப் போய் வந்த அவருக்கே அது புதுச் செய்தி.

பாகிஸ்தான் யுரேனியத்தோடு நின்றுவிடவும் இல்லை. சிறிய, எடை குறைந்த குண்டுகளுக்குப் புளூட்டோனியம் வசதி என்பதால் குஷாபில் உலை கட்டியது. நீங்கள் சொல்லும் அதே 1998ல் அது ஓடத் தொடங்கியது. இந்தியா மைசூரு பக்கத்தில் ரத்தேஹள்ளியில் சென்ட்ரிஃப்யூஜ் வைத்து, அணுசக்தி நீர்மூழ்கிக்காக யுரேனியத்தைச் செறிவூட்டிக்கொண்டிருக்கிறது.