ஆண்டு வாடகை 88 சென்ட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள ‘ஃபுகெராய்’ என்ற பழைய தருமக் குடியிருப்புக்கு என்னை அழைத்துச் சென்றான். அங்கே வசிப்பவர்களுக்கு ஓராண்டு வாடகை 88 சென்ட் என்றார்கள். உள்ளே சுற்றிப் பார்க்க நாங்கள் வாங்கிய நுழைவுச்சீட்டின் விலையே அதைவிடப் பல மடங்கு. இது உண்மையான வாடகைதானா, சுற்றுலாப் பயணிகளுக்காகச் சொல்லப்படும் கதையா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மையான வாடகைதான், அம்மா. அவுக்ஸ்பர்க்கின் பெருவணிகரான யாக்கோப் ஃபுகர், தம் பெயராலும் மறைந்துபோன தம் சகோதரர்கள் உல்ரிச், கியோர்க் ஆகியோரின் பெயராலும் 1521-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று எழுதி வைத்த அறக்கட்டளைப் பத்திரம் வாடகையை ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர் (அக்காலப் பொற்காசு) என்று வரையறுத்தது. அன்றைக்கு அது ஒரு கைவினைஞரின் ஏறத்தாழ ஒரு வாரக் கூலி. ஆகவே தொடக்கத்தில் அது வெறும் பெயரளவு வாடகையாக இருக்கவில்லை. பின்னர் நாட்டின் நாணயம் மாறியபோதெல்லாம் அந்த ஒரு கில்டர் புதிய நாணயத்துக்கு மாற்றி எழுதப்பட்டதே அன்றி உயர்த்தப்படவில்லை. மார்க் காலத்தில் 1.72 மார்க்காக இருந்தது, யூரோ வந்தபோது 88 சென்ட் ஆயிற்று.

ஆனால் சுற்றுலா அறிவிப்புகள் பெரிதாகச் சொல்லாத ஒரு விவரம் உண்டு. அந்த 88 சென்ட் வீட்டுக்கு மட்டுமே. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, மின்சாரம் போன்றவற்றைக் குடியிருப்போர் தனியே கட்ட வேண்டும். அப்படியிருந்தும், சிறிய ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒருவருக்கு ஜெர்மன் நகர வாடகைச் சுமை முழுவதுமாக நீங்குவது எத்தகைய ஆறுதல் என்பதை வாடகை வீட்டில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

கேள்வி: வாடகையில் ஒன்றும் தேறாது என்றால், ஐந்நூறு ஆண்டுகளாக ஓடு மாற்றவும் சுவர் பூசவும் பணம் எங்கிருந்து வருகிறது? அரசாங்கம் கொடுக்கிறதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பகுதி காட்டிலிருந்து வருகிறது. தொடக்கத்தில் அறக்கட்டளையின் மூலதனம் ஃபுகர் குடும்பத்தின் வணிக நிறுவனத்திலேயே வட்டிக்கு விடப்பட்டிருந்தது. பேரரசர்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் அது. 1519-இல் ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கான செலவில் பெரும்பங்கை ஏற்றவரே யாக்கோப் ஃபுகர்தான். எனினும் அரசர்கள் கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்தபோதும், முப்பதாண்டுப் போர் (1618–1648) நாட்டைச் சூறையாடியபோதும், வணிகத்தில் கிடந்த பணம் கரைந்தது. 1632-இல் சுவீடன் படைகள் நகரைப் பிடித்தபோது குடியிருப்பும் பாழ்பட்டது. அதன் பின்னர் குடும்பத்தார் அறக்கட்டளையின் செல்வத்தை நிலத்திலும் காட்டிலும் ஊன்றினார்கள். காட்டை அளவறிந்து வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டு, மரம் விற்ற பணத்தில் வீடுகளைப் பராமரிப்பது இன்றுவரை தொடர்கிறது. 1923-இல் ஜெர்மன் மார்க் வெற்றுக் காகிதமாகி, வங்கியில் பணம் போட்டிருந்த எண்ணற்ற அறநிலையங்கள் ஒரே ஆண்டில் ஓட்டாண்டிகளானபோது, நின்ற மரத்துக்குப் பணவீக்கம் ஒன்றும் செய்யவில்லை. நம் பார்வையில், இந்தக் குடியிருப்பின் உண்மையான அதிசயம் 88 சென்ட் அன்று, இந்தக் காடுதான்.

குடியிருப்புக்கு மிகக் கடினமான சோதனை 1944 பிப்ரவரி 25, 26 தேதிகளில் வந்தது. நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் குடியிருப்பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தரைமட்டமாயிற்று. வளாகத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருந்த பதுங்குகுழி அங்கிருந்தவர்களைக் காத்தது. அதை இப்போது காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த சில நாட்களுக்குள், போர் இன்னும் முடியாத நிலையில், ஃபுகர் குடும்பத்தின் மூத்தோர் அவை கூடி மீண்டும் கட்டுவது என்று முடிவெடுத்தது. போருக்குப் பின் அக்கம்பக்கத்து இடங்களையும் வாங்கி விரிவுபடுத்தியதால், முதலில் 52 வீடுகளாக இருந்த குடியிருப்பு இன்று 67 வீடுகளாக இருக்கிறது. அவற்றில் உள்ள சுமார் 140 தனிக் குடித்தனப் பகுதிகளில் ஏறக்குறைய 150 பேர் வசிக்கிறார்கள். நீங்கள் கேட்ட அரசாங்க உதவியை நம்பி இந்த ஏற்பாடு அமையவில்லை. முதல் கேள்வி கேட்ட கும்பகோணம் வாசகி கொடுத்த நுழைவுக் கட்டணமும் பராமரிப்புக்குத்தான் போகிறது என்பதால், அவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: யாருக்கு அங்கே வீடு கிடைக்கும்? கத்தோலிக்கராக இருந்தால்தான் என்கிறார்களே, ஏழைமைக்கு மதம் உண்டா?
— வாசகர், வேலூர்

பதில்: விண்ணப்பிப்பவர் அவுக்ஸ்பர்க் நகரவாசியாக இருக்க வேண்டும், வறுமையில் இருக்க வேண்டும், கடன் இருக்கக் கூடாது, கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். அத்துடன் நாள்தோறும் மூன்று செபங்களை (பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், விசுவாச மந்திரம்) நிறுவனருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் சொல்ல வேண்டும். இறந்தவர் ஆன்மாவுக்குப் பிறர் செபம் துணை செய்யும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஆகவே நிறுவனரின் நோக்கில் ஒரு கில்டர் வாடகையின் சிறுபகுதிதான், மீதி செபம்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் அந்நகரில் காலூன்றத் தொடங்கிய ஆண்டுகளில் எழுதப்பட்ட பத்திரம் அது. நகரம் இரு சமயத்தவர் ஊராகப் பிரிந்தபின் இந்த நிபந்தனை பாதி ஏழைகளுக்குக் கதவடைத்தது. யாக்கோப் ஃபுகர் அடக்கமான புனித அன்னாள் தேவாலயமே பின்னர் லூத்தரன் தேவாலயமாகிவிட்டது. இருப்பினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவில் பிச்சையெடுப்பவர்களுக்குச் சோறு போடும் மடங்கள் ஐரோப்பாவெங்கும் இருந்த காலத்தில், உழைத்தும் போதாமல் நொடித்துப்போகும் கூலியாட்களையும் கைவினைஞர்களையும் குடும்பத்தோடு குடியமர்த்த நினைத்தவர் அவர். இசைமேதை மோசார்ட்டின் கொள்ளுப்பாட்டனாரான கொத்தனார் ஃபிரான்ஸ் மோசார்ட், 1681 முதல் 1694-இல் இறக்கும்வரை இங்குதான் வாழ்ந்தார். தரைத்தளத்துக்கு ஒரு வாசல், மேல்தளத்துக்கு ஒரு வாசல் என ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தெருவைப் பார்த்த தனிக்கதவு வைத்திருப்பதைப் பாருங்கள். கீழே இருப்பவருக்குச் சிறு தோட்டம், மேலே இருப்பவருக்குப் பரண். பெருங்கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுக்க வைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

கேள்வி: வட்டிக்கடைப் பணத்தில் எழுந்த தருமம்தானே இது?
— வாசகர், காரைக்குடி

பதில்: வட்டி மட்டுமல்ல, டிரோல் மலைகளின் வெள்ளி, செம்பு, பிறகு நம் பக்கத்து மிளகும் உண்டு. 1505-இல் போர்த்துகீசியத் தளபதி அல்மெய்தா தலைமையில் மலபார் கரைக்கு வந்த போர்த்துகீசியக் கப்பல்களில் முதலீடு செய்த தென்ஜெர்மானிய வணிகர்களில் ஃபுகரும் ஒருவர். கொச்சித் துறையில் மிளகு ஏற்றிய அந்தக் கப்பல்களின் வரவிலும் ஒரு துளி அந்தச் சுவர்களில் இருக்கக்கூடும். பணம் வந்த வழியைக் கேட்பது சரியே. காரைக்குடிக்காரர் கேட்பது இன்னும் சரி.

கேள்வி: இரவு பத்து மணிக்கு வாயிலை அடைத்துவிடுவார்களாமே? முதியவர்களைச் சிறை வைப்பது போல் இல்லையா?
— வாசகி, சேலம்

பதில்: அடைப்பது உண்மை, ஆனால் சிறையில்லை. காவலர் வந்து திறந்துவிடுவார். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் வீடு தவறிவிடக் கூடாது என்று, கதவருகே இழுக்கும் அழைப்புமணிக் கைப்பிடிகள் வெவ்வேறு வடிவங்களில் செய்யப்பட்டன. ஒன்று மூவிலை போல, மற்றொன்று பைன் மரக்காய் போல இருக்கும். கையால் தடவியே தம் வீட்டை அறிந்துகொள்வார்கள். தாமதமாக வருபவர் காவலருக்கு 50 சென்ட் கொடுக்க வேண்டும். நள்ளிரவு கடந்துவிட்டால் 1 யூரோ. அதாவது, ஒரே ஒரு முறை நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்புவதற்கு ஆகும் செலவு, ஓராண்டு வாடகையைவிட 12 சென்ட் அதிகம்.