வாசகர் கேள்வி – பதில்: யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்கள்

கேள்வி (சுன்னாகம்): 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு நூற்றுக்கு 25 கூட விழவில்லை. ஆனால் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. விகிதாசாரம் என்றால் வாக்குக்கு ஏற்ற ஆசனம் என்றல்லவா படித்தோம்?

பதில்: படித்தது சரிதான். கணக்கின் இடையில் நடப்பதைத்தான் பாடப்புத்தகம் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கடதாசியும் பேனையும் எடுங்கள், செய்தே பார்ப்போம்.

மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. இதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 வீதம் எடுக்காதவர்கள் ஆசனக் கணக்கிலிருந்து முதலிலேயே கழிக்கப்படுவார்கள். அந்தக் கோடு 16,266இல் விழுந்தது. அதைத் தாண்டியவர்கள் ஆறு பேர்: தேசிய மக்கள் சக்தி (சின்னம் திசைகாட்டி) 80,830, தமிழரசுக் கட்சி (வீடு) 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, ஊசிச் சின்னத்தில் நின்ற 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி (சங்கு) 22,513, ஈ.பி.டி.பி. 17,730. எல்லாம் கூட்டினால் 240,241. மீதி 85,071 வாக்கு இந்த இடத்திலேயே உதிர்ந்துவிட்டது. முதலிடம் வந்த கட்சி எடுத்ததைவிட அது கூட. சின்னச் சின்னக் குழுக்கள் கூடக்கூட இந்த உதிர்வும் கூடும்.

அடுத்தது போனஸ் ஆசனம். மாவட்டத்தில் ஆகக் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் முதலில் எடுத்து வைக்கப்படும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் முந்தினாலும் அது முழு ஆசனம்தான். ஆகவே பங்கிட மிஞ்சியது ஐந்து. 240,241ஐ ஐந்தால் பிரித்தால் 48,048.2. தசமம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும் என்று அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை சொல்வதால் 48,049. ஓர் ஆசனத்தின் விலை இதுதான்.

இந்த விலையை முழுதாகக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். தேசிய மக்கள் சக்தி ஒன்று வாங்கியது, கையில் மிச்சம் 32,781. தமிழரசும் ஒன்று வாங்கியது, மிச்சம் 15,278. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை ஆகக் கூடிய மிச்சம் உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும். ஒரு ஆசனமும் வாங்காதவர்களுக்கு அவர்களுடைய முழு வாக்குமே மிச்சம். வரிசை: தேசிய மக்கள் சக்தி 32,781, காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 27,855. முடிந்தது.

திசைகாட்டியின் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். ஒன்று போனஸ், ஒன்று முழு விலைக்கு, ஒன்று மிச்சத்துக்கு. போனஸ் என்ற ஒன்று இல்லாமல் ஆறையும் நேரே பங்கிட்டிருந்தால் ஆசனத்தின் விலை 40,041 ஆக இறங்கியிருக்கும். திசைகாட்டிக்கு இரண்டு, வீட்டுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. அந்த ஒரு விதி ஓர் ஆசனத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிவிட்டது. 19 ஆசனமுள்ள கம்பஹாவில் இது பெரிதாகத் தெரியாது. ஆறில் ஒன்று என்றால் தெரியத்தான் செய்யும்.

கேள்வி (கோப்பாய்): சங்குக்கு 22,513 வாக்கு, 7 வீதத்துக்குக் கிட்ட. 5 வீதத்தைத் தாண்டினால் ஓர் ஆசனம் உறுதி என்று மேடையில் சொன்னார்களே?

பதில்: மேடையில் சொல்வார்கள். 5 வீதம் என்பது பந்தலுக்குள் விடுகிற சீட்டு, பந்தியில் இலை போடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. ஆறு ஆசன மாவட்டத்தில் உண்மையான வாசல் மிச்சங்களின் வரிசையில் கடைசி ஆளுக்கு என்ன இருந்தது என்பது. இம்முறை அது 27,855, அதாவது 8.56 வீதம். சங்குக்கு 5,342 வாக்கு போதாமல் போயிற்று.

உங்கள் வாக்கு அடியோடு வீண் என்றும் சொல்ல முடியாது. 29 தேசியப் பட்டியல் ஆசனங்களுக்கு நாடு முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டித்தான் பங்கிடுவார்கள். அங்கே இந்த 5 வீதக் கோடு இல்லை. தமிழரசுக்கு ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் கிடைத்தது வடக்கு, கிழக்கு மாவட்டங்களின் வாக்குகள் ஒன்றாகக் கூடியதால்தான்.

கேள்வி (நல்லூர்): அப்படியானால் வீடும் சங்கும் ஒன்றாக நின்றிருந்தால்?

பதில்: இந்தக் கேள்வி இம்முறை நாலைந்து கடிதங்களில் வந்திருக்கிறது. கணக்கை மட்டும் சொல்கிறோம். 63,327உம் 22,513உம் சேர்ந்தால் 85,840. தேசிய மக்கள் சக்தியின் 80,830ஐ அது முந்துகிறது, ஆகவே போனஸ் கைமாறும். ஆசனத்தின் விலை அதே 48,049. கூட்டுக்கு ஒன்று முழு விலைக்கு, மிச்சம் 37,791. திசைகாட்டிக்கு ஒன்று, மிச்சம் 32,781. கிடக்கும் மூன்றும் கூட்டு, திசைகாட்டி, காங்கிரஸ் என்ற வரிசையில் போகும். முடிவு மூன்று, இரண்டு, ஒன்று.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஆசனம் இழப்பது திசைகாட்டி மட்டுமல்ல, ஊசியும். அதற்கு விழுந்த வாக்கில் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் வரிசையில் ஒரு படி இறங்கியதால் வெளியே. காங்கிரசுக்கும் அதற்கும் இடையில் இருந்தது 131 வாக்கு.

இதை வைத்துக்கொண்டு யாரையும் குறை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு கட்சி சேர்ந்தால் இரண்டின் வாக்கும் அப்படியே வந்து சேரும் என்பது கணக்கு வாத்தியாரின் நம்பிக்கை. சங்குக்குப் போட்டவர்களில் வீட்டுக்குப் போட மனமில்லாமல் போட்டவர்களும் இருப்பார்கள்.

கேள்வி (பருத்தித்துறை): இந்த மிச்சக் கணக்கு எப்போதும் பெரிய கட்சிக்குத்தானா சாதகம்?

பதில்: இல்லை. 2020ஐப் பாருங்கள். அப்போது ஏழு ஆசனம். 5 வீதத்தைத் தாண்டிய ஐந்து கட்சிகளின் கூட்டு 299,367, ஆறால் பிரிக்க விலை 49,895. தமிழரசு 112,967 எடுத்துப் போனசுடன் மூன்று பெற்றது. மிச்சமாக நின்ற 13,177 ஒன்றுக்கும் உதவவில்லை. சுதந்திரக் கட்சிக்கு 49,373, விலைக்கு 522 குறைவு. ஆனாலும் மிச்ச வரிசையில் முதலாவதாக நின்று ஆசனம் எடுத்தது. 35,927 எடுத்த தமிழ் மக்கள் தேசியக் கூட்டணிக்கும் அப்படியே ஒன்று. விலையைக் கொஞ்சம் தாண்டி நிற்பவருக்கு நட்டம், கொஞ்சம் குறைந்து நிற்பவருக்கு லாபம். அது யார் என்பது பெட்டி திறந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி (சாவகச்சேரி): நிராகரிக்கப்பட்ட வாக்குகள் இவ்வளவு வருவது ஏன்? சரியாகப் புள்ளடி போடுவது எப்படி?

பதில்: 2024இல் யாழ்ப்பாணத்தில் 32,767 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. மூன்றாவதாக வந்த கட்சிக்கு விழுந்ததைவிடக் கூட. போட வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேரின் சீட்டு குப்பை. 2020இலும் ஏறக்குறைய இதே அளவு.

சீட்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்றில் கட்சிகள், சுயேச்சைக் குழுக்களின் பெயரும் சின்னமும், எதிரே வெற்றுக் கட்டம். மற்றதில் வேட்பாளர்களைக் குறிக்கும் வெறும் இலக்கங்கள். வேட்பாளர் பெயர் எங்கும் இருக்காது. முதலில் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. விரும்பினால், பிறகு இலக்கங்களில் ஒன்றின் மேலோ, இரண்டின் மேலோ, கூடியது மூன்றின் மேலோ ஒவ்வொரு புள்ளடி. வேட்பாளருக்குக் கொடுக்கும் விருப்பு வாக்கு இதுதான். அவ்வளவுதான்.

பிழை வருவது இப்படி. வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தில் இலக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும். வாக்காளர் அதை மனதில் வைத்துக்கொண்டு போய் இலக்கத்தின் மேல் மட்டும் புள்ளடி போட்டுவிட்டுச் சின்னத்தை விட்டுவிடுவார். அந்தச் சீட்டு முழுதாகச் செல்லாது. ஏனெனில் 4ஆம் இலக்கம் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. எந்தக் கட்சியின் 4 என்று எண்ணுகிறவருக்கு எப்படித் தெரியும்? இதே காரணத்தால்தான் ஒரு கட்சிக்குப் போட்டுவிட்டு வேறு கட்சியில் நிற்கிற உறவுக்காரருக்கு விருப்பு வாக்குக் கொடுக்கவும் முடியாது. வீட்டுக்குப் போட்டு 4 என்றால் அது வீட்டின் 4ஆம் இலக்கக்காரருக்கே போகும்.

இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் செல்லாது. சீட்டில் பெயர் எழுதுவது, கையொப்பம் வைப்பது, யார் போட்டது என்று காட்டும் எதுவும் ஆகாது. சின்னத்துக்குச் சரியாகப் போட்டு இலக்கங்களில் நான்கு, ஐந்துக்குப் போட்டுவிட்டால் சீட்டுத் தப்பும்: கட்சிக்கான வாக்கு சேரும், விருப்பு வாக்குகள் மட்டும் போய்விடும். இலக்கத்தைத் தொடாமலே விட்டாலும் சீட்டுச் செல்லும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதுவது வேறு முறை, அதை இங்கே கொண்டுவராதீர்கள். கை தவறிவிட்டால் சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் தலைமைதாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். அதற்குக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி (மானிப்பாய்): மூன்று விருப்பு வாக்கையும் ஒருவருக்கே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க முடியாது. ஒருவருக்கு உங்களிடமிருந்து ஒன்றுதான். ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் அவருடைய இலக்கத்துக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துங்கள். விருப்பு வாக்குக்கு முதலாவது, இரண்டாவது என்ற தரம் கிடையாது, மூன்றும் ஒரே எடை. ஒரு கட்சிக்கு ஓர் ஆசனம்தான் வரும் என்ற நிலையில் நீங்கள் மரியாதைக்காகப் போட்ட மற்ற இரண்டும் உங்கள் ஆளை முந்திவிடலாம். ஆசனங்களின் எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டித்தான் பட்டியல் போடுவார்கள். ஆறு ஆசனத்துக்கு ஒன்பது பேர். ஒரே சின்னத்தில் நிற்கிற ஒன்பது பேருக்குள் நடக்கும் இழுபறி எதிர்க்கட்சியோடு நடப்பதைவிடக் கடுமையாக இருப்பதன் காரணமும் இதுதான்.

கேள்வி (கரவெட்டி): வாக்காளர் தொகை கூடியிருக்கிறது, ஆசனம் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்திருக்கிறது. அநியாயம் இல்லையா?

பதில்: 2020இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளர் 571,848 பேர், 2024இல் 593,187 பேர். கூடியது உண்மை. ஆனால் நாடு முழுவதும் 16,263,885 ஆக இருந்தது 17,140,354 ஆகிவிட்டது. 160 ஆசனங்களை மாவட்டங்களுக்குப் பங்கிடுவது மொத்தத்தில் உங்கள் பங்கைப் பார்த்துத்தான். மற்றவர்கள் நம்மைவிட வேகமாகப் பெருகினால் நாம் பெருகியும் பங்கு சுருங்கும். யாழ்ப்பாணம் ஒன்றை இழந்தபோது கம்பஹாவுக்கு ஒன்று கூடியது.

இந்த 160க்கு மேல் மாகாணம் ஒன்றுக்கு நான்கு ஆசனம் என்று 36 ஆசனம் இருக்கிறது. வட மாகாணத்தின் நான்கில் பெரும்பங்கு வன்னி மாவட்டத்துக்குப் போயிருக்கிறது. அதனால்தான் 306,081 வாக்காளர் உள்ள வன்னிக்கும் ஆறு, அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உள்ள யாழ்ப்பாணத்துக்கும் ஆறு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று நிர்வாக மாவட்டங்களில் பரந்து கிடக்கிற நிலம் அது என்பதை நினைத்தால் எங்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் தொகுதியின் எம்.பி. யார்?

பதில்: தனியாக ஒருவரும் இல்லை. கிளிநொச்சி, ஊர்காவற்றுறை, உடுப்பிட்டி என்று பதினொரு தொகுதிகளின் பெயரில் முடிவு வாசிக்கப்படுவது எண்ணும் வசதிக்காக மட்டும். தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் கடைசியாக நடந்த பொதுத்தேர்தல் 1977இல். 1989இலிருந்து ஆசனம் எத்தனையாக இருந்தாலும், வந்தவர்கள் எல்லோரும் முழு மாவட்டத்துக்கும் உறுப்பினர்கள். யாரிடமும் கடிதம் கொண்டு போகலாம்.

கேள்வி (காங்கேசன்துறை): உறுப்பினர் ஒருவர் பதவி விலகினால் இடைத்தேர்தல் உண்டா?

பதில்: இல்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே போவார். சுயேச்சைக் குழுவுக்கும் இதே விதி.

கேள்வி (லண்டன்): இங்கிருந்து வாக்களிக்க வழி உண்டா?

பதில்: 2024 வரை வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. பெயர் இடாப்பில் இருந்தால், அன்றைக்கு உங்கள் வாக்களிப்பு நிலையத்துக்கு நேரில் வர வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் உறுப்பினராக முடியாது என்று 2022இல் 21ஆவது திருத்தம் சொல்லிவிட்டது.